அகல லென்ஸுக்குள் அகப்பட்டவர்கள்

கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு அடுத்தபடியாக, யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம் என்று விடப்பட்ட ஆள் போட்டோக்காரன்தான். விசேஷ வீடுகளில் கேமராவும் கையுமாக இடிபட்ட சகோதரர்களுக்கு இது தெரியும். எண்பதுகளில் நான் திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருந்தபோது, மதுரையில் ஒருவரிடம் பழைய வைடு லென்ஸ் ஒன்று வாங்கினேன். சின்ன அறைக்குள் நின்றே மொத்தக் கூட்டத்தையும் பிடித்துவிடும். கூட்டம் என்னைப் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

ஓரத்து அத்தை

முதலில் ஒரு நிச்சயதார்த்தம். முதுகு பீரோவில் முட்ட நின்று எடுத்தேன். இந்த லென்ஸில் நடுவில் இருப்பவர்கள் தப்பித்துவிடுவார்கள். ஓரத்தில் இருப்பவர்கள் பக்கவாட்டில் இழுபடுவார்கள். பிரிண்ட் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஓரத்தில் இருந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. ஏற்கெனவே பூசினாற்போன்ற உடம்பு.

ஆல்பத்தோடு கடைக்கே வந்துவிட்டார். "லென்ஸ் அப்படித்தான் காட்டும்மா" என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, படத்தின் நடுவில் விரலை வைத்தார்.

"ஏம்ப்பா, பொண்ணும் அதே ரூம்புலதான இருந்துச்சு?"

இருட்டு மூலை

ஓரத்துக்கு ஒல்லியானவர்களை அனுப்பப் பழகினேன். அடுத்து நிலக்கோட்டையில் ஒரு பூ வியாபாரி வீட்டுச் சடங்கு. லென்ஸ் பிடிக்கும் அகலத்துக்கு என் ஃபிளாஷ் வெளிச்சம் எட்டவில்லை, மூலையெல்லாம் இருட்டிவிட்டது. அந்த மூலையில் ஒல்லியான தாய்மாமன் சீர்த்தட்டைத் தூக்கிப் பிடித்து நின்றிருக்கிறார். படத்தில் தட்டு மட்டும் அந்தரத்தில் மின்னியது.

"தட்டு வந்துருக்கு. நான் வரலையா?"

தறிக்குழி

சின்னாளபட்டியில் ஒரு நெசவாளர் வீட்டு வளைகாப்பு. வீடு என்பது தறியும், தறி போக மிச்சமும். அந்த மிச்சத்தில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நெய்பவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழி மட்டும் காலி. இறங்கிவிட்டேன்.

கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவரெல்லாம் சாய்ந்து, வீடு விழப்போவது போலத் தெரியும். அதனால் சாய்க்காமல் நெஞ்சோடு நேராகப் பிடித்தேன். தரையில் இருந்தவர்களின் முகத்துக்கு அதுதான் சரியான உயரம். குழிக்குள் ஒருவன் இருப்பதையே மறந்து, வளையல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சியின் காதில் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படங்கள் அவை. முடித்துவிட்டு ஏறப்போனேன். வீட்டுக்காரர் எதிரே வந்து நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"குழியில எறங்குனவன் ஒரு முழமாச்சும் நெய்துட்டுத்தான் ஏறணும் அப்பு."

பின்னால் ஒரு கை

கேமரா தன் பக்கம் திரும்பாதவரை, தான் படத்தில் இல்லை என்றுதான் எல்லோரும் நம்புவார்கள். வைடு லென்ஸுக்கு அது வசதி. எரியோட்டில் ஒரு காதுகுத்து. குழந்தையின் அப்பாவும் பெரியப்பாவும் கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பல வருஷமாகப் பேச்சில்லாதவர்கள். பெரியவரை அவர்களுடைய தங்கைதான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

ஆசாரி கம்பியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. அப்பா பார்க்கமாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் குழந்தையை நோக்கித்தான் அழுத்தினேன். ஓரத்தில், பெரியவர் தம்பியின் தோளில் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். தம்பி திரும்பியபோது பின்னால் மாமனார்தான் நின்றிருந்தார்.

ஆல்பம் வாங்க வந்த தம்பி அந்தப் படத்திலேயே நின்றுவிட்டார். அப்புறம் இன்னொரு காப்பி கேட்டார். யாருக்கு என்றேன்.

"மாமனார் கைன்னு நெனச்சு அவருக்கு வேட்டி எடுத்துக் குடுத்துட்டேன். எங்கண்ணனுக்கு இதையாச்சும் குடுக்கணும்ல."

பக்கத்தில் போனால்தான் வைடு லென்ஸ் நன்றாக வேலை செய்யும் என்று எல்லோரும் சொல்வார்கள்; பக்கத்தில் போனவன் பாடு என்ன ஆகும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை.