மன்னிப்புக்கு மனு எழுதப் போனது

கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னும் தடுமாறுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் அண்ணன் ஆயுள் தண்டனையில் இருந்தான். வரப்பில் நிற்கும் புளியமரம் யாருடையது என்ற சண்டையில், பக்கத்து நிலத்துக்காரரைக் கோடாரிப் பிடியால் அடித்துவிட்டான். அவர் பிழைக்கவில்லை. மரம் அவர் மனைவிக்கே என்று ஊர் தீர்த்துவைத்தது. அண்ணனுக்குத் தலை நரைத்தது ஜெயிலில்தான்.

ஒருநாள் ஆலங்காயத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, டீக்கடை டிவியில் யாருடைய தூக்கையோ ஜனாதிபதி குறைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பாமல் வாணியம்பாடிக்குப் போய், அண்ணன் வழக்கைப் பார்த்த வக்கீலம்மா முன்னால் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

"ஜனாதிபதிக்கு எழுதணுங்க."

"சுவத்துக்கிட்ட சொல்றீங்களா, என்கிட்டயாண்ணே?" என்று சிரித்தார். "தூக்குன்னா அவர்கிட்ட போலாம். மத்திய அரசு விவகாரம்னா போலாம். இது நம்ம மாநிலத்து கேஸ், ஆயுள் தண்டனை. கவர்னருக்குத்தான் எழுதணும்."

"ஜனாதிபதிதானே பெரியவருங்க?"

"பெரியவருக்கும் எல்லை உண்டுண்ணே. அவரும் சரி, கவர்னரும் சரி, மந்திரிங்க சொல்றபடிதான் கையெழுத்து போடணும். போட்டாலும் மிச்ச தண்டனையத்தான் தள்ளுவாங்க. கொலையே நடக்கலன்னு ஆயிடாது."

"அந்த அக்காவ எப்பங்க கூட்டியாரணும்?"

"எந்த அக்கா?"

"புருஷன பறிகொடுத்தவங்க. அவங்க சொல்லாம எப்டி மன்னிப்பாங்க?"

"அவங்க வரத் தேவையில்ல. சட்டம் அவங்கள கேக்காது" என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் மலையில், தப்பு செய்தவனுக்குப் பாதிக்கப்பட்ட வீட்டார் தங்கள் கையால் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தால்தான் அவன் ஊருக்குள் வரலாம். ஊரை நடத்தும் நாட்டாரே சொன்னாலும் அது இல்லாமல் செல்லாது. எங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மனு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன்.

அந்த அக்கா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் வேலி ஓரமே நின்றேன்.

"இன்னாடா, நட்டு வச்ச கம்பாட்டம் நிக்கிற? வாயில கொழுக்கட்டையா?"

சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"கவுருமெண்டு குடுத்த தண்டன, கவுருமெண்டு எடுக்கட்டும். போய் எழுது. நான் தண்ணி குடுப்பேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாத."

மனு போனது. வெகுகாலம் கழித்து உத்தரவு வந்தது. அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் வராமல், எங்கள் நிலத்துக் கொட்டகைக்கே போய்விட்டான். நாட்டார் வந்து பார்த்தார்.

"ஜெயில் வுட்டுச்சி, சந்தோசம். ஊருக்குள்ள வர்றது அந்தப் பொண்ணு கையில கீது" என்றார். அண்ணன் தலையாட்டினான். அவனுக்கும் எனக்கும் அதில் மறுபேச்சு இல்லை. நான்தான் தினமும் அங்கே சோறு கொண்டுபோனேன்.

புளி பழுத்தது. நேற்றுக் காலை அந்த அக்கா எங்கள் வேலியண்டை வந்து நின்றார்.

"உங்க அண்ணன மரம் ஏறி உலுக்கச் சொல்லு. எனக்கு ஆள் கெடைக்கல."

அண்ணன் ஏறினான். நான் கீழிருந்து பார்த்தேன். அவன் உலுக்க உலுக்க, அவர் நிமிராமல் பொறுக்கினார். உச்சிவேளையில் அவன் இறங்கி என் பாட்டிலில் இருந்துதான் தண்ணீர் குடித்தான். அவருடைய குடம் நாலடி தள்ளி இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனவர் திரும்பினார்.

"அந்தாண்ட கெளை பாக்கி கீது. நாளைக்கும் வரச் சொல்லு."

இன்று விடியும் முன்பே அண்ணன் மரத்தடிக்குப் போய்விட்டான். அவனுக்குச் சோறு எடுத்துப் போகுமுன் உட்கார்ந்து இதை எழுதிவிட்டேன்.

மாசி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.