உயிரோடிருந்தவருக்கு இளைப்பாற்றி வேண்டிய ஞாயிறு

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அதட்டத்தான் வரும். இது நன்றாகத் தெரிந்தும் எங்கள் பங்குச் சுவாமி என்னை நோயாளர் சந்திப்புக் குழுவில் போட்டார். "ஒராளைத் தெம்பாக்கிறதும் செபந்தான்" என்று ஒரு விளக்கம் வேறு. வெள்ளிக்கிழமைகளில் கந்தோர் வேலை முடிந்ததும் ஒரு வீட்டுக்குப் போய், கொஞ்ச நேரம் இருந்து, செபம் சொல்லி, இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டு வரவேண்டும். எனக்குக் கிடைத்தது படகு எஞ்சின் திருத்துகிற ஒருவரின் வீடு.

துறைமுகப் பக்கத்தில் எஞ்சின் பழுதென்றால் அவரைத்தான் தேடுவார்கள். புல்மோட்டையிலிருந்துகூட எஞ்சினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த மனிதருக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்துவிட்டது. கை மெல்ல மெல்லத் திரும்பியது. காலிலும் பலம் வந்துவிட்டது என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். ஆனால் இப்போதே நடந்து பழகாவிட்டால் கால் விறைத்துப்போய்விடும், பிறகு எழும்பவே முடியாது என்றும் சொன்னாள். அவரோ எழும்ப மறுத்தார். ஒருநாள் குசினி வாசலில் விழுந்து, அயலவர்கள் ஓடிவந்து தூக்கும்வரை தரையில் கிடந்திருக்கிறார். அத்தனை பேர் முன்னால் கிடந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து கட்டிலே கதி.

ஏழெட்டு வெள்ளிக்கிழமைகள் போனேன். நற்செய்தி வாசித்தேன், செபமாலை சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கால் இல்லாத சனமே கட்டைக்கால் போட்டுக்கொண்டு கடைக்குப் போகுது. உங்களுக்கு ரெண்டு காலும் கிடக்கு. வெக்கமா இல்லையோ தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

அவருடைய மனைவி தேநீர்க் கோப்பையை எனக்கு முன்னால் 'டொக்' என்று வைத்தாள். வீடு வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கத் திரும்பிப் போகவில்லை. அந்த விஷயத்தில் நான் சரியான வீம்புக்காரி.

அதற்கடுத்த ஞாயிறுதான் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் கோயிலில் பூசை தொடங்குமுன் கருத்துகளை வாசிப்பது வழக்கம். அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று சனங்கள் துண்டுகளில் எழுதித் தருவார்கள். முதலில் நன்றி சொல்பவர்கள், பிறகு சுகம் வேண்டும் நோயாளர்கள், கடைசியில் ஆன்ம இளைப்பாற்றிக்காக இறந்தவர்கள் என்று பிரித்து ஒலிவாங்கியில் வாசிப்பது என் வேலை. அன்று மின்விசிறிக் காற்றில் துண்டுகள் பறந்துவிட்டன. மணியும் அடித்துவிட்டது. கைக்கு வந்தபடி பொறுக்கி அடுக்கிக்கொண்டு வாசித்தேன். இறந்தவர்களின் வரிசையில் எஞ்சின்காரரின் பெயரையும் வாசித்துவிட்டேன். மனைவி அவருடைய சுகத்துக்காக எழுதி அனுப்பிய துண்டு அது. கோயில் முழுவதும் "ஐயோ" என்றது. அவசரத்தில் வாசித்தது யார் பெயர் என்றே எனக்கு உறைக்கவில்லை; யாரோ வேண்டியவர் போய்விட்டார் போல என்று நினைத்து, குரலை இன்னும் கொஞ்சம் சோகமாக்கிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

பூசை முடிந்து சுவாமி வந்து சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் கைத்தொலைபேசிகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. நான் அந்த வீட்டுக்கு ஓடியபோது முற்றத்தில் துக்கத்துக்கென்று வெள்ளைச் சேலை கட்டி வந்த நாலைந்து பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். உள்ளே, குறிஞ்சாக்கேணியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மீனவர் எஞ்சின்காரரின் கையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மீனவரின் கண்கள் கலங்கியிருந்தன.

"மௌத்தாகிட்டீங்க எண்டு சொன்னாங்க பாஸ். வழி நெடுக அழுதுக்கிட்டு வந்தன். நீங்க எழும்பி வருவீங்க எண்டுதானே என்ட எஞ்சினை வேற ஆக்கள்ட குடுக்காம வச்சிருக்கன்."

எஞ்சின்காரர் அவரையே பார்த்தார். "இன்னும் அப்பிடியே வைச்சிருக்கிறியளோ?"

"ஓம் பாஸ். இப்ப அடுத்தவன்ட தோணியிலதான் போறன்."

எஞ்சின்காரர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அதைக் கவனித்தேன். ஆனால் சந்தோஷப்படுகிற நிலையில் நான் இல்லை. கட்டிலருகே போய் நின்றதும் அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

"தம்பி, இண்டைக்குச் செய்ததும் பிழை, அண்டைக்குக் கதைச்சதும் பிழை. இனி நான் பேர் வாசிக்கவும் மாட்டன், ஒருத்தருக்கும் ஆறுதல் சொல்லப் போகவும் மாட்டன். எனக்கு ஏலாத வேலை இது."

"என்ன கதை அக்கா கதைக்கிறியள்?" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "மற்ற ஆக்கள் ரெண்டு தரம் வந்திட்டு விட்டிட்டினம். நீங்கள் ஒருத்தர்தான் விடாம வந்தனீங்கள். பேச்சு விழும் எண்டு தெரிஞ்சும் வெள்ளிக்கிழமை எண்டா நான் பின்னேரமே முகம் கழுவிப்போட்டுக் கிடப்பன். இவவைக் கேட்டுப் பாருங்கோ."

மனைவி ஓம் என்று தலையாட்டினாள். நான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாறன்" என்று திரும்பினேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை வெளி வாசல் படலைவரை போய் வழியனுப்பாவிட்டால் மரியாதையில்லை. மனைவி வழக்கம்போல என்னுடன் வரப் புறப்பட்டாள்.

"நீர் நில்லும்," என்றார் அவர். "அக்காவை நான் விட்டிட்டு வாறன்."

இரண்டு கால்களையும் தரையில் வைத்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பினார். தாங்கப் போன மீனவரின் கையை மெல்ல விலக்கினார். கதிரையை ஒருமுறை பிடித்தார், பிறகு கதவு நிலையை. முற்றத்தில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள். விழுந்தால் இத்தனை பேர் முன்னால்தான் விழ வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இடது கால் மணலில் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. நான் பக்கத்தில், அவருடைய வேகத்துக்கு நடந்தேன். கையை நீட்டவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் கெடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

படலையை எட்டியதும் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. மூச்சு வாங்க, அதைத் திறந்து எனக்கு வழி விட்டார்.

"வெள்ளிக்கிழமை வருவியள்தானே?" என்று கேட்டார்.

"ஓம், வருவன். நீங்கள் முகம் கழுவிப்போட்டுப் படலையடியில நில்லுங்கோ," என்று அதட்டினேன்.