விதை வைத்த அறை

நாற்பது வருடத்துக்குப் பிறகு, செங்கத்தில் பஸ் ஏறி ஜவ்வாது மலைக்கு வந்திருக்கிறேன். இளவயதில் இங்குள்ள தலைமை மடத்துக்கு நான் மேலாளர். முன்கட்டில் பூசைக்கூடம், நடுக்கட்டில் பந்தி, பின்கட்டில் சாமியார்கள் தங்கும் அறைகள். பூசைக்கூடத்தை ஒட்டிய ஜன்னல் இல்லாத அறையை எட்டிப் பார்க்கிறேன். காலியாகக் கிடக்கிறது.

"இருட்டுல இன்னாங்க தேடுறீங்க, சாமியையா?" வாசலில் புளி தட்டிக்கொண்டிருக்கும் பெண் சிரிக்கிறாள். ஐம்பது வயது இருக்கும்.

"இங்கே முன்பு என்னம்மா இருந்தது?" தெரியாதவன் போலக் கேட்கிறேன்.

"எங்க ஊரு விதைச் சாமைங்க. சாமி பக்கத்துல இருந்தா, எவ்ளோ பசிச்சாலும் யாரும் தொட மாட்டாங்க. யாரோ மேனேஜர் வந்து காலி பண்ணச் சொல்லிட்டாரு. வூட்டுக்குக் கொண்டாந்தோம். ஆனி மாசம் பசி தாங்காம ஆக்கித் தின்னுட்டோம். ஆடியில விதைக்க ஒண்ணுமில்ல. எங்கப்பா தோல் வேலைக்கு வாணியம்பாடி போனாரு. திரும்பியே வரல."

"அந்த மேனேஜர் நான்தான்மா."

அவள் கை நிற்கிறது. திட்டட்டும் என்று காத்திருக்கிறேன்.

"அப்புறம் அங்க இன்னா வெச்சீங்க?"

"என் மேசையும் நாற்காலியும்."

அவள் திரும்பி அந்த அறையைப் பார்க்கிறாள்.

"அவ்ளோதானா?"

ஆமாம். அவ்வளவுதான்.