உப்பள வரப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ராயபுரம் சர்ச்சில் முதல் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆறே முக்காலுக்குச் சைக்கிளைச் சந்துக்கு வெளியே உருட்டினேன். 1973, மார்ச் மாதம். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு என் கையில் ஒரு சைக்கிள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன. கையசைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

நான் துறைமுக அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். என் அப்பா ரயில்வேயில் இருந்தார். எண்ணூர் ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்தேன். அவருடைய சைக்கிளில்தான் ஓட்டக் கற்றேன். சாலையில் ஓட்டுவது அப்போதே எனக்குச் சலிப்பு. சவுக்குத்தோப்பில் வேர்களின் மேல் குதித்துப் போக வேண்டும், மணல்மேட்டின் உச்சியிலிருந்து சரிந்து இறங்க வேண்டும். எல்லாவற்றையும்விட, உப்பளத்தின் நடுவே கடற்கரைப் பக்கமிருந்து சாலைவரை ஓடும் அந்த ஒற்றை வரப்பில் காலை ஊன்றாமல் போய்ச் சேர வேண்டும். ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீரில் வானம். கல்யாணத்தோடு இதெல்லாம் நின்றுபோயிற்று. யாரும் தடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகள், மாறி மாறி வரும் ஷிப்ட், தெருக்குழாயில் குடம் வைத்து இடம் பிடிப்பது என்று வருஷங்கள் போய்விட்டன.

வண்டி யானைக்கவுனியில் பழைய சைக்கிள் விற்கும் கடையில் கிடைத்தது. தொண்ணூறு ரூபாய், லேடீஸ் சைக்கிள். என் கணவர் அந்தோணி துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். செயின் கவரைக் கழற்றி, மட்கார்டை உயர்த்தி, பாரம் ஏற்றும் சைக்கிளின் அகலமான டயரை அவரே மாட்டிக்கொடுத்தார். டயர் வாங்கப் போனபோது கடைக்காரர் கேட்டாராம், "ரோட்ல போற லேடீஸ் வண்டிக்கு இன்னாத்துக்குபா இவ்ளோ பெரிய டயரு?"

"என் சம்சாரம் ரோட்ல போவாதுபா" என்றிருக்கிறார் இவர்.

அந்தோணிக்குச் சைக்கிள் ஓட்ட வராது. பிள்ளைகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் எண்ணூர் வந்து, உப்பளத்துச் சாலையோரம் இருக்கும் டீக்கடையில் எனக்காகக் காத்திருப்பதாக ஏற்பாடு.

காசிமேட்டில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சாலையெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலும். கூடை சுமந்து வந்த பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள், நான் அவர்களுக்கு வழிவிட்டேன், இரண்டு தரப்பும் ஒரே பக்கம் ஒதுங்கிச் சிரித்தோம். தண்டையார்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரிகள். ஒரு லாரியின் கிளீனர் வெளியே தலையை நீட்டி, "யக்கோவ், ரேசுக்கா போறே?" என்று கத்திவிட்டுப் போனான். கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட் மூடியிருக்க, அந்த லாரி வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தது. நான் ஓரமாக உருட்டிக்கொண்டே அவனைத் தாண்டி முன்னால் போய் நின்றேன். "ஆமா, நீ தோத்துட்டே" என்றேன். டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

திருவொற்றியூரில் டீ பதினைந்து பைசா. நின்றபடியே குடித்தேன். மூச்சு வாங்கவில்லை என்பதைக் கவனித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எர்ணாவூர் தாண்டிச் சாலையை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினேன். மணலில் போக வேண்டுமென்றால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். வால்வைத் தளர்த்தி, டயர் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் குழைந்து கொடுக்கும்வரை விட்டேன். ஏறி நாலு மிதி மிதித்ததும் முன்சக்கரம் திரும்பிக்கொண்டது. பக்கவாட்டில் விழுந்தேன். வாயெல்லாம் மணல். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னாம்மா, அங்க தார் ரோடு போட்டு வெச்சிக்கீறான். இங்க வந்து உய்ந்துகினு கீறே?"

"அங்க விழுந்தா அடிபடும் நைனா. இங்க விழுந்தா எழுந்துக்கலாம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வலைக்குத் திரும்பினார். இரண்டாவது முறையும் விழுந்தேன். மூன்றாவது முறை கைப்பிடியை இறுக்காமல், பின்னால் தள்ளி உட்கார்ந்து, கண்ணைச் சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் வைத்தேன். வண்டி போயிற்று. உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. அலை வந்து திரும்பிய ஈர மணலில் ஏறியதும் சக்கரத்தின் சத்தமே மாறியது. தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். நான் சிறுமியாக இருந்தபோது அவை இல்லை. அந்தப் பக்கம் அப்போது வெறும் பனைகள்தான் உயரம். இப்போது வழி தெரிய இவை நல்ல அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். சவுக்குத்தோப்பில் வேர்கள் எலும்பை உலுக்கின. மணல்மேட்டின் மேல் சைக்கிளைத் தள்ளி ஏற்றி, மேலிருந்து சரிந்து இறங்கினேன். யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் வாய்விட்டுக் கத்தினேன்.

பத்தரை மணி இருக்கும், வரப்பின் கடற்கரை முனைக்கு வந்து சேர்ந்தேன். அதே வரப்பு. அவசரப்படக் கூடாது, நின்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் திறந்தேன். அப்போதுதான் பாத்திகளுக்கு நடுவிலிருந்து கூச்சல் கேட்டது.

உப்பு வாரும் பெண்கள் இருவர். பெரியவள் பாப்பம்மா, இளையவள் செங்கேணி. பெயர்களெல்லாம் பிறகுதான் தெரிந்தன. சேற்றில் புதைந்திருந்த தகரம் ஒன்று செங்கேணியின் உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து பாதிவரை கிழித்திருந்தது. பாப்பம்மா தலைத்துண்டை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். துண்டு சிவந்து சொட்டிக்கொண்டிருந்தது. அன்று அந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

"தூக்கிகினு போலாம்னா இவ என்னிய விட ஒசரம்மா" என்று பாப்பம்மா அழுதாள். "ரோடாண்ட போறதுக்குள்ள ரத்தம் பூரா பூடும்."

நான் துண்டை அவிழ்த்து மடித்து, கணுக்காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். "கேரியர்ல ஏறு" என்றேன்.

செங்கேணி வரப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுலயா? சைக்கிள்லயா? யக்கா, நடந்து போறப்பவே நாங்க உய்ந்துடுவோம்."

"நான் விழ மாட்டேன்."

எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்று தெரியாது. பொய் சொல்கிறோம் என்று மட்டும் தோன்றவில்லை. அவள் ஒரு பக்கமாக உட்காரப் போனாள். "அப்டி வேணாம். ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரு. ஒரு பக்கமா உக்காந்தா ரெண்டு பேரும் தண்ணிலதான். அடிபட்ட காலை விரிச்சே வெச்சுக்கோ, இல்லன்னா சக்கரத்துல மாட்டிக்கும். என் இடுப்பைப் பிடிச்சுக்கோ. நான் சாஞ்சா நீயும் சாயணும்."

பாப்பம்மா பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். கிளம்பிவிட்டோம்.

முதல் சில கெஜம் வண்டி தள்ளாடியது. பின்சக்கரம் வரப்பின் விளிம்பை உரசி, மண் உதிர்ந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. மெதுவாகப் போனால்தான் விழுவோம் என்று வேகத்தைக் கூட்டினேன். வலப்பக்கமிருந்து காற்று தள்ளியது. அதற்குச் சமமாக உடம்பைக் கொஞ்சம் சாய்த்தேன். செங்கேணியும் சாய்ந்தாள். அதன்பிறகு நாங்கள் இருவர் என்ற நினைப்பே போய்விட்டது.

பாதி வழியில், பாத்திக்குத் தண்ணீர் பாய வரப்பை வெட்டியிருந்தார்கள். மேலே ஒரு பலகை. என் காலத்தில் அது இல்லை.

"முன்னால பலகை கீது. இறங்கறியா?"

"எறங்குனா மறுபடி ஏற முடியாது யக்கா. தலைய சுத்துது."

"அப்ப கெட்டியாப் பிடிச்சுக்கோ."

அவள் முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டாள். பலகையின் நடுவில் ஓர் ஆணித்தலை பளபளத்தது. அதையே பார்த்து மிதித்தேன். பலகை வளைந்து, அதிர்ந்து, எங்களை அந்தப் பக்கம் விட்டது.

டீக்கடை பெஞ்சில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அந்தோணி உட்கார்ந்திருந்தார். என் புடவையில் ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாடி ஆச்சு? எங்கடி அடி?"

"என் ரத்தம் இல்லீங்க. முதல்ல ஒரு வண்டியை நிறுத்துங்க."

சைக்கிள் ஓட்டத் தெரியாத அந்த மனிதர், வந்துகொண்டிருந்த உப்பு லாரிக்கு முன்னால் நடுச்சாலையில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். லாரி அவர் மூக்குக்கு முன்னால் நின்றது. டிரைவரும் அவருமாகச் செங்கேணியைத் தூக்கி முன்சீட்டில் ஏற்றினார்கள். "திருவொற்றியூர் ஆஸ்பத்திரி" என்று எனக்குக் கத்திவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பாப்பம்மா இரைக்க இரைக்க ஓடி வந்தாள். அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அதன்பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தோணி விட்டுப்போன டிபன் கேரியரில் இருவருக்கான மீன்குழம்புச் சோறு இருந்தது. இருவர் பங்கையும் நானே சாப்பிட்டேன். டீக்கடையில் பம்ப் வாங்கி டயருக்குக் காற்றடித்து, தார்ச் சாலையில் தெற்கே திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்திருந்தார்கள். காலில் பெரிய கட்டோடு செங்கேணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அந்தோணி வாங்கிக் கொடுத்த சோடா கையில். பாப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நான் கண்ணையே தொறக்கல" என்றாள் செங்கேணி. "அந்தப் பலகையத் தாண்டும்போது எப்டி இருந்துச்சு? சொல்லு."

சொல்ல வாயெடுத்தேன். ஓர் ஆணித்தலையும், முதுகில் சூடாகப் பட்ட அவளுடைய மூச்சும் தவிர எனக்கு எதுவும் நினைவில் இல்லை. தண்ணீரில் வானம் தெரிந்ததா? கொக்குகள் இருந்தனவா? எதைப் பார்க்க அவ்வளவு தூரம் போனேனோ, அதன் நடுவிலேயே போய் வந்திருக்கிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை.

"நானும் பாக்கல" என்றேன். செங்கேணி சோடா புரையேறச் சிரித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ராயபுரம் திரும்பினேன். அங்கே நாலு பக்கமும் வெட்டவெளி, இங்கே எங்கள் சந்தில் எதிர்வீட்டுத் தாளிப்பு எங்கள் கண்ணில் எரியும். அந்தோணி எனக்கு முன்பே பஸ்ஸில் வந்து, வாசலில் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தார். காய்ந்த ரத்தமும் உப்பும் மணலுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்போ திருப்தியாடி?" என்றார்.

"இல்ல" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் சொன்னதே இல்லை.