இரண்டாவது கடிகாரம்

தம்பி வேலை பார்ப்பது மால்டா தீவின் தலைநகரான வலெட்டாவில், துறைமுகப் படகொன்றில். அங்கே நடுப்பகலுக்குக் கோட்டைமேல் பீரங்கி வெடிப்பார்கள். பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் நாலாம் மாடி வீட்டில் அப்போது மாலை நாலரை. ஞாயிறுதோறும் அந்தச் சத்தத்தோடுதான் அவன் போன் வரும்.

போனைத் தூக்கிப் பிடித்து ஊரைக் காட்டுவான். எனக்கு அந்த ஊர் பிடிக்கவே இல்லை. ஒரு முற்றுகையில் தப்பிப் பிழைத்த போர்த்துறவிகள், எதிரி திரும்பி வருவான் என்ற பயத்திலேயே கட்டியது அது. மதிலுக்குமேல் மதில். நூல் பிடித்தாற்போல் நேராகக் கடலை நோக்கி இறங்கும் தெருக்கள். மரப்பெட்டிகள் போல மூடிய பலகணிகள். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நிற்பதாகவே எனக்குத் தோன்றும். பெரிய தேவாலயத்தின் தரை முழுக்கக் கல்லறைகள். சலவைக்கல் எலும்புக்கூடுகள்மேல் ஜனங்கள் சாதாரணமாக நடக்கிறார்கள். அந்த எதிரி மறுபடி முற்றுகைக்கு வரவேயில்லையாம்.

அந்தத் தீவின் தேவாலயங்கள் பலவற்றில் இரண்டு கடிகாரங்கள் உண்டு என்று ஒருநாள் சொன்னான். ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது பொய்.

"எதுக்குடா ரெண்டு?" என்றாள் அம்மா.

"சாத்தானை ஏமாத்தத்தாம்மா. எப்ப வந்து உசிரை எடுக்கணும்னு குழம்பிப் போயிருவானாம்."

அம்மா சிரிக்கவில்லை. "கெட்டிக்காரங்க" என்றாள்.

கரண்ட் போனால் போனும் அணைந்துவிடுகிறது, பிள்ளை முகத்தைச் சுவரிலாவது பார்க்கிறேன் என்று அம்மா கேட்டதால், அவன் படத்தைப் பெரிதாக்கி லான்மடா கடைத்தெருவில் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரரும் தமிழர். எங்கள் ஆட்களில் சுவருக்குப் படம் போடுவது செத்தவர்களுக்குத்தான். உயிரோடிருப்பவர்கள் போனில் இருக்கிறார்கள். அவர் எதுவும் கேட்காமல் சந்தன மாலையும் சேர்த்து மாட்டி, "சின்ன வயசு, பாவம்" என்று கொடுத்தார். வீட்டில் மாலையைப் பிய்த்தெறியப் போனேன். அம்மா நெடுநேரம் படத்தையே பார்த்தாள்.

"இருக்கட்டும் விடு."

"உனக்குப் பைத்தியமா?"

"ஏற்கெனவே கூட்டிட்டுப் போயாச்சுன்னு அந்தச் சாத்தான் நெனச்சுக்கட்டும்."

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மாலையால்தான் என்று நான் அழுதேன். கழற்றுவதற்கும் பயமாக இருந்தது. நாலரை ஆனால் படத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நாலாவது ஞாயிறு, நாலு மணிக்குமேல் கதவு தட்டப்பட்டது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியலோடு ஒருவர். எங்கள் தெருவிலிருந்து இரண்டு பையன்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள். வீட்டுப் பதிவில் இருக்கும் உங்கள் மகன் எங்கே என்று பர்மிய மொழியில் கேட்டார்.

அம்மா முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அவர் மாலையைப் பார்த்தார். தலையைக் குனிந்து, தாளில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் படியிறங்கினார்.

அவர் செருப்புச் சத்தம் இரண்டாம் மாடியைத் தாண்டியிருக்காது. போன் அடித்தது. எடுத்ததும் பீரங்கி வெடித்தது. அம்மா பாய்ந்து போனைத் தலையணைக்குள் அமுக்கினாள். கீழே செருப்புச் சத்தம் நின்றது. பிறகு மெல்ல இறங்கிப் போனது.

தலையணையை விலக்கினோம். தம்பிதான், இளைத்துக் கறுத்துப்போய்.

"எஞ்சின் போயி கடல்ல கெடந்தோம்மா. போனும் தண்ணியில போச்சு. லீவு குடுத்திருக்காங்க. ஊருக்கு வர்றேன்."

மூன்று வருஷமாக அம்மா காத்திருந்த வார்த்தை அது.

"வராத சாமி" என்று கிசுகிசுத்தாள். "சத்தம் போடாத. இங்க நீ செத்துப் போயிட்ட."

அவன் அவள் தோளுக்குப் பின்னால் மாலையோடு தொங்கும் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

அம்மாமேல் எனக்குத் தீராத கோபம். ஆனால் மாலையைத் தூசி தட்டி மறுபடி மாட்டுகிறவள் நான்தான். இப்போதும் ஞாயிறு நாலரைக்குப் பீரங்கி வெடிக்கிறது. அம்மா முதலில் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறாள். அப்புறம்தான் மகனைப் பார்க்கிறாள்.