சாந்தோமில் ஒரு மணி நேரம் பின்னால்

இல்லை, இந்தச் சுற்றுக்கு இரண்டு நாள் வேண்டாம். மயிலாப்பூர் குளக்கரையில் ஜட்கா ஏறினால் மந்தைவெளி, அடையாறு பாலம், ஊரூர் குப்பம், திரும்ப சாந்தோம், எல்லாம் ஒரு பகலுக்குள் அடங்கும். நாங்கள் போனது மாசி மாதம், யுத்தம் முடியாத வருஷம். காலேஜை விட்டுவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு டாக்டர் ராஜம்மாவிடம் எழுத்து வேலை கிடைத்திருந்தது. புத்தி தடுமாறிய வயசானவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர் வீடு வீடாக விசாரித்து வந்தார். அவர் கேட்பார், நான் எழுதுவேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். சர்க்கார் மணி ஏழு. யுத்தத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியிருந்தார்களே, அதனால் குளத்துப் படியில் விடியாத நீலம் மிச்சமிருந்தது. ஊரே தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. வண்டிக்காரர் காதர் பாய், அரை நாளைக்கு இரண்டு ரூபாய். என்னைப் பார்த்ததும், "இன்னா நைனா, பட்ச்சா பைத்தியம் புடிக்கும்னு உட்டுட்டு, இப்போ பைத்தியத்தத் தேடிக்கினு போறியா?" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

மந்தைவெளி வீட்டில் கதவே திறக்கவில்லை. அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். உள்ளே ஒரு கிழக்குரல் தாலாட்டு பாடிக்கொண்டிருந்தது.

பாலத்தில் ஆறும் வானமும் ஒரே நிறம். குதிரை எதன்மேல் நடக்கிறது என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. மூன்றரை மைல் தாண்டிக் குப்பத்துக்குள் நுழைந்தபோது ஒன்பது மணி. மணலில் இழுத்துப் போட்ட படகில் ஒரு பெரியவர் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மீன் கூறு கட்டிக்கொண்டிருந்த மருமகளிடம் டாக்டர் விவரம் கேட்டார். "காத்தால கடலுக்குப் போறாரு, பொழுது சாய வந்துர்றாரு. கஞ்சி நாங்களே படகாண்ட கொண்டாந்து குடுத்துர்றோம். இப்போ இன்னா அதுக்கு?" என்றாள் அவள். டாக்டர் வெகுநேரம் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தோம் அங்கிருந்து நான்கு மைல். பதினொன்று தாண்டிச் சேர்ந்தோம். அந்தோணி வாத்தியார் அங்கே பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது கண்ணில் பூ விழுந்து பாதிப் பார்வை. மகன் சேவியர், அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்க்க மனு எழுதி மேஜைமேல் வைத்திருந்தார். டாக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மருமகள் பிலோமினா வரிசையாகச் சொன்னார். சாப்பாட்டு வேளையில் வேண்டாம் என்கிறார், எல்லாம் கழுவிக் கவிழ்த்தபின் கேட்கிறார். பூசை முடிந்தபின் கோயிலுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். போன வாரம் மணி அடிக்கிறவனைக் குடையால் அடித்தேவிட்டார். செத்துப்போன மனைவியையும் தேடுகிறாராம்.

டாக்டர் கேட்டார், "ஐயா, இப்போ மணி என்ன?"

அவர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். மேல் கண்ணாடி இல்லை. கட்டைவிரலால் முள்ளைத் தடவிப் பார்த்து, "பத்தரை" என்றார். டாக்டரின் கடிகாரத்தில் பதினொன்றரை. தப்பு என்று எழுதினேன். காலையில் எப்போது சாப்பிட்டீர்கள்? ஏழு. மருமகள், எட்டு என்றார். தப்பு. நேற்று ராத்திரி எப்போது படுத்தீர்கள்? எட்டரை. மகன், ஒன்பதரை என்றார். மூன்றாவது தப்பு எழுதப்போன பேனா நின்றுவிட்டது. எல்லாம் ஒரே அளவுத் தப்பு.

"டாக்டரம்மா, இவர் பழைய மணி சொல்றார்" என்றேன். சேவியர் பக்கம் திரும்பி, "கடியாரத்தை மாத்தினது இவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

சேவியர் மனைவியைப் பார்த்தார். அவர் புருஷனைப் பார்த்தார். ஒருவர் சொல்லியிருப்பார் என்று மற்றவர் இருந்திருக்கிறார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், பேப்பர் படிக்க முடியாத மனுஷருக்கு ரெண்டு வருஷமாக யாரும் சொல்லவில்லை.

நான் சொன்னேன். வாத்தியார் கொஞ்ச நேரம் முள்ளையே தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்தப் பையன் சரியாத்தான் மணி அடிச்சானா?"

"ஆமாங்க."

"பாவம். குடையால அடிச்சேனே."

உடனே, "மேரி எங்கே? அவளுக்கும் சொல்லுங்க" என்றார். மேரி அவர் மனைவி. அது நிஜ மறதிதான், எந்தக் கடிகாரத்தாலும் தீராது. டாக்டர் மனுவை மடித்துச் சேவியரிடம் திருப்பிக் கொடுத்தார். "மறதி இருக்கு. அதுக்குப் பக்கத்துல ஆள் வேணும், ஆஸ்பத்திரி வேணாம்." சேவியர் வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கட்டுமா என்று கேட்டேன். சண்டை முடிந்தால் பழையபடி வைத்துவிடுவார்களா என்று கேட்டார் வாத்தியார். வைப்பார்கள் என்றேன். "அப்போ எதுக்கு ரெண்டு வேலை? இருக்கட்டும் விடு."

போகிறவர்களுக்கு: குப்பத்துக்குப் பத்து மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் மணல் சுடும். தண்ணீர் கொண்டுபோங்கள். ஜட்காவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். மந்தைவெளியில் கதவு திறக்காவிட்டாலும் மறுபடி போங்கள், நாங்களும் போகத்தான் போகிறோம். யாராவது தப்பாக மணி சொன்னால், எந்த மணி என்று ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்று ஞாயிறு. பூசை ஆறு மணிக்கு. வாத்தியார் கடிகாரத்தில் அப்போது ஐந்துதான், எழுப்பிக் கூட்டிப்போக ஆள் வேண்டும், அந்த ஆள் இப்போது நான். குடையை நான்தான் வைத்துக்கொள்வேன். நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன்.