பெடல் பஞ்சாகிப்போன போயா நாள்

போன வருஷம், மழை விட்டிருந்த ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு. ஹட்டனிலிருந்து உள்ளே போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்ற அண்ணனின் பழைய காருக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படித்தவள். டவுனில் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். அதனால், பிரேக் வேலையை வெளியே கொடுக்க வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அவசரத்துக்குக் காரணம் அண்ணி. வயிற்றில் பிள்ளை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் கிளினிக். போன தடவை த்ரீவீலில் போய்விட்டு வந்த குலுக்கலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். இனிமேல் குலுங்குகிற வண்டியே வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் தோட்டத்து பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முன் சக்கரத்து பிரேக் பேட்களை மாற்றினேன். ஒயில் கசிந்துகொண்டிருந்த மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினேன். நாம் பெடலை அமுக்கும்போது ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான். புதிதாக மாட்டும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து மூடுவார். குமிழி வருவது நிற்கும் வரை இப்படியே செய்ய வேண்டும்.

அண்ணன் உள்ளே, நான் கீழே. "அமுக்கு... புடி... விடு" என்று நான் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. அண்ணி கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"நான் ஒரு வேல சொன்னா காதுலயே விழாது. தங்கச்சி சொன்னா மட்டும் அமுக்குறாரு, விடுறாரு!"

நாலு சக்கரமும் முடிந்தது. குமிழியே இல்லை. திருப்தியாக ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தேன். பஞ்சு மெத்தையில் வைத்த மாதிரி கால் உள்ளே போனது. இரண்டு தரம் வேகமாக அமுக்கினால் மட்டும் கொஞ்சம் இறுகியது.

"அவ்வளவுதானே! ரெண்டு தரம் அமுக்கி ஓட்டிக்கிறேன்" என்றார் அண்ணன்.

"வளைவுல எதிர்ல பஸ் வந்தா, கொஞ்சம் பொறுங்க, இன்னொரு தரம் அமுக்கிக்கிறேன்னு டிரைவர்கிட்ட சொல்லுவியா அண்ணே?"

அவருக்குக் கோபம். எனக்கும்தான். சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

பதற்றம் வரும்போது நான் மனசுக்குள் வரிசை போட்டுக்கொள்வேன். எங்காவது கசிகிறதா? இல்லை. பேட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? ஆமாம். ரப்பர் குழாய் எதுவும் ஊதுகிறதா? இல்லை. கடைசியில் சாமான் மேலேயே சந்தேகம் வந்து, அதை வாங்கிய ஹட்டன் கடைக்கார முஸ்லிம் அண்ணனுக்கு, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவருக்கு, போன் போட்டேன்.

"பழுதுண்டா நாளைக்கே மாத்தித் தாறேன் தங்கச்சி. ஆனா ஒங்க கோவத்துல நல்ல சாமானக் கழட்டிப் போட்டுறாதீங்க" என்று சிரித்தார்.

மறுபடியும் நாலு சக்கரத்திலும் காற்றெடுத்தோம். அதே பஞ்சு. மலை மேல் பனி இறங்கத் தொடங்கியது. அண்ணி வந்து, "பரவால்ல விடு, நான் பஸ்ஸுலயே போயிக்கிறேன்" என்றார். அந்தப் "பரவால்ல"தான் என்னை வாட்டியது.

ஒயில் ஊற்றலாம் என்று பொனட்டுக்குள் குனிந்தேன். மாஸ்டர் சிலிண்டருக்கு மேல் இருக்கிற டப்பாவில் ஒயில் ஒரு பக்கம் மேல் கோட்டைத் தாண்டியும், மறுபக்கம் கீழ்க் கோட்டுக்குக் கிட்டவும் சாய்ந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயில் ஒருநாளும் சாய்ந்து நிற்காது. சாய்ந்திருந்தது கார்.

எங்கள் பக்கத்தில் வண்டியை நிறுத்துவதே அப்படித்தான்: மூக்கு மேட்டைப் பார்த்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல். பிறந்ததிலிருந்து சரிவிலேயே நடக்கிற எங்களுக்குச் சரிவு கண்ணில் படுவதே இல்லை. கராஜில் சிமெண்டுத் தரை மட்டமாக இருக்கும். அங்கே இதை யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. காற்று மேட்டைத் தேடித்தான் போகும். மூக்கு மேலே இருந்ததால், மாஸ்டர் சிலிண்டரின் முன் முனையில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. கீழே சக்கரத்தில் எவ்வளவு திறந்தாலும் அது ஏன் வரப்போகிறது?

எங்கள் தோட்டத்தில் மட்டமான தரை ஒன்றுதான். ரோட்டில் கொஞ்சம் மேலே, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களம். ஹேண்ட் பிரேக் நன்றாக இருந்தது. அதை நம்பி, முதல் கியரில் நான் மெல்ல ஏற்றினேன். அண்ணனும் பக்கத்து வீட்டு அக்காமாரும் கையில் கல்லோடு இரண்டு ஓரமாகவும் வந்தார்கள், வண்டி நின்றால் சக்கரத்தில் வைக்க.

"தேரு வருது, வழிய விடுங்க!" என்று ஓர் அக்கா கத்த, இன்னொருவர், "சாமி கறுத்துப்போயி ஒயில் பூசிக்கிட்டு வருதுடி" என்றார். சிரிப்பில் எனக்கு ஸ்டியரிங்கே ஆடியது.

களத்தில் நிறுத்தியதும் சக்கரங்களுக்குப் போகவில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாயின் நட்டையே லேசாகத் தளர்த்தினேன். "அமுக்கு அண்ணே." புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, பிறகு நுரை, பிறகு சுத்தமான ஒயில். மூடினேன். இன்னும் சில தரம் அப்படியே செய்தோம். அண்ணன் பெடலில் கால் வைத்தபடி என்னைப் பார்த்தார். "கல்லு மாதிரி நிக்கிதும்மா." களத்திலும் ரோட்டிலும் நானே ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை நானும் பின் சீட்டில் இருந்தேன். கீழ் வளைவில் தோட்டத்து பஸ் எதிரே வந்தது. அண்ணன் ஒரே ஒரு தரம் அமுக்கினார். கார் அப்படியே அமைதியாக நின்றது. முன் சீட்டில் அண்ணி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், முழிக்கவே இல்லை. என் வேலைக்கு இதுவரை கிடைத்த சான்றிதழ்களில் எனக்குப் பிடித்தது அந்தத் தூக்கம்தான்.

இப்போது அதே சீட்டில் அண்ணியின் மடியில் ஒரு குட்டிப் பெண் வருகிறாள். எல்லாம் சரியாகச் செய்தும் ஏதாவது சரிவராமல் போனால், என்ன செய்தேன் என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தரையில் நின்று செய்தேன் என்று பார்ப்பதுதான் இன்றைக்கும் என் வரிசையில் முதலாவது.